தலைப்புள்ளி போன மூணு

அட, அங்க போடாதீங்க தம்பி! அந்தக் கடைசியில என் துண்டு தொங்குதே, அந்தக் கையகல எடம்... அது யாரோடதும் இல்ல, புறம்போக்கு! புதுசா குடி வந்தவரு, உங்களுக்கு எப்படித் தெரியும்? நடு மாடிக்காரருக்கு இந்தக் கொடியில நடுப்பங்கு. அங்க விரிங்க. யப்பா, போர்வையா இது, கப்பல்ல பாயா கட்டலாம் போல! வெறுங்காலோட வேற ஏறி வந்திருக்கீங்க, தரை சுடலயா? விரிங்க, விரிங்க... நான் பேசறது உங்க காதுகிட்டதான், கைக்கு என்ன இடைஞ்சல்?

பங்கு போட்டது யாரா? கீழ்வீட்டுக்காரர், வேற யாரு. என் சம்பந்தி. என் பொண்ண அவர் பையனுக்குக் குடுத்தேன். அதுங்க ரெண்டும் வெளியூர்ல சிரிச்சுக்கிட்டு இருக்குதுங்க, இங்க நாங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கிறோம். மனுஷன் கணக்கு வாத்தியாரா இருந்தவர். பழத்த நறுக்கச் சொன்னாக்கூட ஸ்கேலத் தேடுவார்!

கொடி பத்து மீட்டர், வீடு மூணு. மூணுல ஒரு பங்குன்னு வாயால சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? மாட்டார். அளக்கிற டேப்புல அப்படி ஒரு கோடே இல்லையாம்! அதோ, தண்ணித் தொட்டிச் செவுத்துல செவப்புப் பெயிண்ட்டால 'ஆளுக்கு 3.3'ன்னு எழுதி, கடைசி மூணோட தலையில இன்னொரு புள்ளி வச்சார். "என்ன சம்பந்தி, கொசு உக்காந்திருக்கு?"ன்னேன். "அது இருந்தா மூணு முடியாது, மூணு, மூணு, மூணுன்னு போய்க்கிட்டே இருக்கும்"னார். அநியாயத்தப் பாருங்க தம்பி! எழுத்துக்குத் தலையில புள்ளி வச்சா அது வாய அடக்குது. எண்ணுக்கு வச்சா நிறுத்தவே மாட்டேங்குது!

...என்ன சிரிப்பு? என்னய மாதிரின்னா? சிரிங்க, சிரிங்க.

என் வீட்டுக்காரி விடுவாளா? "இவ்வளவு மூணு போகுதே, அப்ப இது 3.4ஐ விடப் பெருசா?"ன்னா. "வாலு நீளமா இருந்தா எலி யானை ஆயிடுமாடி? நடுப்புள்ளிக்கு அடுத்தாப்ல பாரு. அங்க நாலு, இங்க மூணு. வாசப்படியிலயே தோத்தாச்சு. பின்னாடி ஊர்வலமே வந்தாலும் பிரயோஜனம் இல்ல"ன்னேன். சம்பந்தி எனக்குச் சொன்னதுதான்... வீட்டுல நம்ம மானத்தக் காப்பாத்திக்க வேணாமா? வெறும் 3.3 கடைக்குட்டி. 3.33 அதுக்கு ஒரு மயிரிழை மேல. தலைப்புள்ளி வச்சது அதுக்கும் மேல. 3.4 எல்லாத்துக்கும் அண்ணன். தலைப்புள்ளி வச்சத மூணு தடவ கூட்டினா சுத்தமா பத்து, தூசி மிஞ்சாது. புள்ளி போச்சுன்னா? ஒம்பது புள்ளி ஒம்பது. கையகலம் மிச்சம்!

ஒருநாள் பார்த்தா... புள்ளியக் காணோம். "காக்கா ஏதோ செவப்புப் பழம்னு கொத்திட்டுப் போயிருக்கும்"னேன். ஒண்ணு இல்ல தம்பி, ஏழு காக்கா! கொத்தின கையோட ஒண்ணு ஏப்பம் விட்டுச்சு. "புள்ளி இல்ல, அப்ப மிச்ச எடம் பொது"ன்னு துண்டப் போட்டேன். மனுஷன் எறங்கிப் போனவர்தான், அப்புறம் மாடிப் பக்கமே தலைகாட்டல.

சாயங்காலம் ஆனா சதுரங்கம் ஆடுவோம் தம்பி. இதே வாளியக் கவுத்துப் போட்டு, மேல அவரோட பலகைய வச்சு. இப்ப பேருக்கு ஒரு அட்டையில கட்டம் போட்டு, எனக்கு நானே எதிரியா ஆடறேன். அதுலயும் தோக்கறேன்.

இருக்கீங்களா? ம்... போர்வைக்குக் கீழ கால் தெரியுது. உங்ககிட்ட மட்டும் சொல்றேன், வெளிய விட்டுடாதீங்க. காக்காவும் இல்ல, குருவியும் இல்ல. சுண்டுவிரல்ல சுண்ணாம்பத் தொட்டு... புள்ளி மேல ஒரே ஒரு பொட்டு... நான்தான். துண்டுக்காக இல்ல. என் பங்குலயே பாதி காலியாத்தான் கெடக்கு. ஆட்டத்துல தெனம் அவரே ஜெயிக்கிறார், ஒரு கணக்குலயாவது மடக்கிப் பார்ப்போமேன்னு ஒரு ஆசை. மறுநாள் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். வாய் வரல. இந்த வாய்க்கு!

என்ன, சத்தத்தையே காணோம்... தம்பி, நீங்க வெறுங்காலோடதானே வந்தீங்க? இது என்ன செருப்பு? வார் அறுந்து, ஊக்கு குத்தி...

ஐயையோ, சம்பந்தி! வாங்க, வாங்க! அந்தத் தம்பி எங்க? நைசா நழுவிட்டாரா! எதுலேருந்து கேட்டீங்க... காக்காவுலேருந்தா? ...எலியிலேருந்தேவா! சரி, குட்டு மொத்தமா ஒடஞ்சுது.

கையில என்ன, பெயிண்ட் டப்பாவா? நீங்களே புள்ளி வைக்கத்தான் வந்தீங்களா? அப்ப அக்குள்ல... பலகை! குடுங்க அந்த பிரஷ்ஷ, நான் வைக்கிறேன். இந்தா... தலையில, பளிச்சுனு. துண்டையும் எடுத்துட்டேன், தோள்லயே போட்டுக்கறேன். டேப்ப எடுக்காதீங்க சம்பந்தி, இந்தத் தோளு முழுசா என்னோடது! வாளியக் கவுத்துங்க... வெள்ளக் காய் எனக்கு.