முதுகுத் தண்ணியின் அளவு

— மறுபடியும் முதுகுல ஊசியா? ஒரு தடவைதான்னு சொன்னியே, ஆயி.

— என் தப்புப்பா.

— உன் தப்பா? குத்தினது டாக்டரு.

— எடுத்த தண்ணிய லேப்ல அளக்குறது உங்க மக எழில்மொழி, நாந்தானே.

— அதுல என்னத்த அளக்குறீங்க? மதகுல கல்லு நட்டு ஆத்துத் தண்ணிய அளப்பாங்களே, அது மாரியா?

— அது மாதிரிதான். நரம்புல அழற்சி இருந்தா, முதுகுத் தண்ணியில சில அளவெல்லாம் ஏறி நிக்கும். உங்களுக்கு நார்மல்னு வந்திருக்கு.

— நல்ல சேதிதானே. இந்த வீரையனுக்கு ஒண்ணுமில்லன்னு எழுதி என்னை அனுப்ப வேண்டியதுதானே. குறுவை நடவு கெடக்கு.

— என்னப்பா நல்ல சேதி? ஸ்கேன்ல தண்டுவடம் வீங்கித் தெரியுது. முழங்கால் வரைக்கும் மரத்துப் போச்சு. ரெண்டும் ஒத்துவரலன்னு டாக்டர் மருந்தே ஆரம்பிக்கல. நாள் போகப் போக கால் மொத்தமா விழுந்துடும்.

— அதுக்கு நீ என்ன பண்ணுவ?

— எடுத்த உடனே குப்பிய ஐஸ்ல வச்சிருக்கணும். வெளியில கெடந்தா அளவு எறங்கிடும். நீங்க நடுங்குனீங்கன்னு உங்க கையப் புடிச்சிக்கிட்டே நின்னுட்டேன். குப்பி ஒரு மணி நேரம் மேசையிலயே கெடந்துச்சு. ஊருக்கெல்லாம் ஒழுங்கா பாக்குறவ, பெத்த அப்பனுக்குக் கோட்ட விட்டுட்டேன்.

— அழுவாத ஆயி. போனா போவுது.

— எழுதிக் குடுத்துட்டேன்ப்பா.

— என்னன்னு?

— என் கவனக்குறைவுதான்னு. கையெழுத்துப் போட்டு, பெரிய டாக்டர் கையில. வேலை போனாலும் போகட்டும்.

— அவசரப்பட்டுட்டியே! அவரு என்ன சொன்னாரு?

— ஒரு மணி நேரத்துல இவ்ளோ எறங்காதேன்னாரு. ஊசிக்கு முன்னாடி உங்கப்பா ஏதாவது மாத்திரை போட்டாரான்னு கேட்டாரு. நாந்தான், இல்லவே இல்ல, எங்கப்பா எங்கிட்ட பொய் சொல்ல மாட்டாருன்னு அடிச்சிச் சொன்னேன்.

— மாத்திரை போட்டா என்ன ஆவுமாம்?

— வீக்கத்த அமுக்குற மாத்திரைன்னா, அந்த அளவையும் சேத்து அமுக்கிடும்.

— நீடாமங்கலத்துல மருந்துக் கடைக்காரன் நடவாளுங்களுக்கு இடுப்பு வலிக்குன்னு மாத்திரைப் பொட்டலம் மடிச்சிக் குடுப்பான்...

— அப்பா!

— ஊசிக்கு முன்னாடி நாலு நாளு போட்டேன். காலு கொஞ்சம் ஊன வந்துச்சு.

— எத்தன தடவ கேட்டேன்? ஏம்ப்பா சொல்லல?

— சொன்னா நிறுத்தச் சொல்லிடுவ. நம்ம வம்சக் கொடியிலயே மொத மொத வெள்ளக் கோட்டு போட்டவ நீ. நீ வேலை பாக்குற எடத்துக்கு, உங்கப்பன சக்கர நாற்காலியில தள்ளிக்கிட்டு வர வேணாம்னு பாத்தேன் ஆயி.