மறுப்பு வராத கடிதங்கள்

குப்பை மெயிலைத் தடுப்பவனுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. வராத ஒன்றுக்கு யார் நன்றி சொல்வார்கள்? வீட்டில் அடிபடும் பெண்கள் உதவி கேட்டு எழுதும் இடம் எங்கள் அலுவலகம். தினமும் முந்நூறு கடிதம் வரும். அதில் லாட்டரியும் மாத்திரை விளம்பரமும் போக நாற்பது தேறினால் அதிகம். அந்த நாற்பதும் பத்திரமாக உள்ளே வர வேண்டும். ஆறு வருஷமாக அந்த மெயில் சர்வரைப் பார்த்துக்கொண்டவன் நான்தான், ஐயா. வேலையில் என்னை யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

ஒரு மத்தியானம், இரண்டே முக்கால் இருக்கும், வந்த கடிதங்களின் பட்டியலில் அண்ணியின் முகவரியைப் பார்த்தேன். திறந்து படித்தேன். இடது காது சரியாகக் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாள். உண்மைதான். பக்கத்து அறையில் படுப்பவனுக்குத் தெரியாதா? ஆனால் அப்பா போன பிறகு என்னை ஆளாக்கியது அண்ணன். கோபம் வந்தால் கண்மண் தெரியாது, மற்றபடி தங்கமான மனுஷன். எங்கள் வீட்டு விஷயம் சந்தி சிரிக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

அந்தக் கடிதத்தை அழித்தேன். இனி வரப்போவதற்கு ஒரு விதி எழுதினேன், ஒரே வரி. அவள் கடிதத்தை சர்வர் மறுக்காது. மறுத்தால் 'போய்ச் சேரவில்லை' என்று அவளுக்குத் தகவல் போய்விடும். இது வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் அழித்துவிடும்.

அடுத்த வாரம் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"தம்பி, என் தோழி ஒருத்தி உங்க ஆபீஸுக்கு எழுதினாளாம். போய்ச் சேர்ந்திருக்குமா?"

"திரும்பி வரலைன்னா சேர்ந்துடுச்சுன்னு அர்த்தம், அண்ணி. அங்க கூட்டம் ஜாஸ்தி. காத்திருக்கச் சொல்லுங்க."

"நீங்க சொன்னா சரிதான்" என்றாள். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி. எனக்கே சந்தோஷமாக இருந்தது.

பதினோரு கடிதம் எழுதினாள். எல்லாம் அண்ணன் வேலைக்குப் போயிருக்கும் அந்த இரண்டே முக்காலுக்கு. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அண்ணன் சொன்னான். போலீஸ் விசாரணையில் நானும் உங்களிடம் அதையே சொன்னேன்.

அவளை அடக்கம் செய்த மூன்றாம் நாள் வேலைக்குப் போனேன். அழிக்கப்பட்டவையும் பதிவாகும் பட்டியலில் அவள் முகவரி. அன்றைய தேதி. உங்கள் ஆட்கள் அவள் போனை ஆன் செய்ததும், போகாமல் உள்ளே கிடந்த கடைசிக் கடிதம் தானாகக் கிளம்பியிருக்கிறது. விதியை நான் எடுத்திருக்கவில்லை. அதையும் அது விழுங்கிவிட்டது.

அதை நேற்று அவள் போனிலிருந்து நீங்கள் படித்துக் காட்டினீர்கள். 'என் கொழுந்தன் அங்கேதான் வேலை பார்க்கிறார். நல்லவர். என் கடிதங்கள் கிடைத்ததா என்று அவரைக் கேளுங்கள்.' ராத்திரி முழுக்க அதை அவள் குரலிலேயே கேட்டுக்கொண்டிருந்தேன். பயமாக இருக்கிறது, ஐயா.

கடிதத்தை மறுத்துத் திருப்பியாவது அனுப்பியிருக்கலாமே என்று கேட்டீர்கள். அவள் மனசு நோகக் கூடாது என்றுதான் செய்யவில்லை என்றேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மறுத்திருந்தால் அவள் வேறு கதவைத் தட்டியிருப்பாள். அது எனக்கு முதல் நாளே தெரியும்.