நேராக மட்டும் ஓடும் மிதிவண்டி

மாத்தளைப் பேருந்து நிலையத்தில், எனக்கு முன்னே வரிசையில் நின்ற இளம்பெண் தம் தோழியிடம் அமைதியாகக் கூறினார்:

"எனக்குச் சைக்கிள் நேரா மட்டுந்தான் ஓட்ட வரும்க்கா."

மூத்தவரான தோழி வியப்புடன் திரும்பினார். "ஆத்தோரப் பாதையில ஒரு மாசமா என்னதான் பழகுன?"

"அங்க கல்லுப் பதிச்சு, மேடு பள்ளம் இல்லாம நேரா போகுது. முடிவுல இறங்கி, சைக்கிளத் தூக்கித் திருப்பி வச்சு, மறுபடி ஏறிக்குவேன்."

"எல்கடுவ மலைப் புள்ளைக்கு எதுக்குடி சைக்கிள்?"

"நம்ம மலையில தள்ளத்தான் முடியும். ஆனா டீச்சர் வேலை வில்கமுவயில கெடச்சிருக்கே. அங்க பஸ் எப்பவாச்சும்தான் வருமாம். தங்குற வீட்டுலருந்து ஸ்கூலு மூணு மைல். திங்கக்கிழமை நேரத்துக்குப் போய்ச் சேரணும்."

தோழியின் முகத்தில் கவலை படர்ந்தது.

"போற வழியில திரும்ப வேண்டி வந்தா?"

"அதத்தான் பிரின்சிபலுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். வாய்க்கால் ரோடு வளையாம வந்து ஸ்கூல் கேட்டுலயே முடியுதாம்."

"அப்புறம் என்ன, பயம் இல்லையே."

"பிரேக்கும் இன்னும் சரியாப் பிடிக்க வராதுக்கா. கேட்டத் தெறந்தே வைங்க, சேர்னு அவருகிட்ட சொல்லிட்டேன்."