அம்மா கதைக்கிறன்

விளக்கெண்ணெய் பிள்ளைகளுக்கு நல்லதுதான். எங்கள் காலத்தில் கொழும்பு கொட்டாஞ்சேனையில் அந்தப் போத்தல் இல்லாத வீடு கிடையாது. பள்ளிக்கூட விடுமுறை தொடங்கினால் ஒரு சனிக்கிழமை, வெறும் வயிற்றில், சூடான கோப்பியோடு ஒரு கரண்டி. எனக்கும் கொடுத்தார்கள், என் தங்கை பிறிஜெற்றுக்கும் கொடுத்தார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் யாரும் கெட்டுப்போகவில்லை.

ஷெல்டன், நீங்கள் மெல்பேர்ணிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, நான் ஊற்றித் தந்த தேநீரைத் தொடாமல் இருக்கிறீர்கள். "மாமி, நீங்கள் ரெலிபோன் எடுத்தா ஏன் ஜெனி ஓடிப்போய்ச் சத்தி எடுக்கிறா?" என்று கேட்டீர்கள். கட்டின மனைவி இப்படி வாந்தி எடுப்பதைப் பற்றி மருமகன் கேட்டால் சொல்லத்தான் வேண்டும். ஆறவிடாமல் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

ஜெனி, ஜெனிற்றா, என் தங்கை பிறிஜெற் பெற்ற பிள்ளை. அது உங்களுக்குத் தெரியும். அவளுடைய தகப்பன் ஹெக்டர் துறைமுகத்தில் வேலை செய்தவன். ஜெனிக்கு மூன்று வயதாகும்போது தெமட்டகொடையில் வேறொருத்தியோடு குடியேறிவிட்டான். நான்தான் பிறிஜெற்றை நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே சட்டத்தரணி பாக்கியலெட்சுமி எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார்.

"வேணுமெண்டு கைவிட்டுப் போனவன். அந்தக் காரணத்துக்கு டிவோர்ஸ் கேக்கலாம். பராமரிப்புக்குத் தனி வழக்குப் போடலாம். பிள்ளை உம்மோடதான் இருக்கும், பயப்பிடாதையும்" என்றார்.

"டிவோர்ஸ் எண்டா பங்குச் சுவாமியார் என்ன சொல்லுவாரோ" என்று பிறிஜெற் இழுத்தாள்.

"சுவாமியாரோ பிள்ளைக்குப் பால்மா வாங்கித் தரப்போறார்?" என்றார் பாக்கியலெட்சுமி.

பிறிஜெற் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஹெக்டர் வழக்குக்கே வரவில்லை. விவாகரத்தானது, பிள்ளை தாயோடு என்று தீர்ப்பானது. பராமரிப்புக்கும் கட்டளை கிடைத்தது. ஆனால் அவன் கப்பலேறிப் போய்விட்டான். கட்டளையை வைத்துக்கொண்டு யாரிடம் போவது. அந்த வருடம் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பெண் குவைத்துக்குப் போனாள். பிறிஜெற்றும் போனாள்.

"ரெண்டே ரெண்டு வருசம் அக்கா. ஒரு தையல் மெசினும் ஒரு அறையும் எடுக்கிற அளவுக்கு. அதுவரைக்கும் பிள்ளையைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றாள்.

எனக்கும் என் கணவர் ஒஸ்வால்டுக்கும் பிள்ளையில்லை. அதைப்பற்றி அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. தாய் போன பிறகு ஜெனி சாப்பிடவில்லை. கதவடியிலேயே இருந்தாள். சோற்றைப் பிசைந்து, உருண்டை உருண்டையாகக் காகத்துக்கு ஒன்று, பூனைக்கு ஒன்று என்று காட்டிக் காட்டி ஊட்டினேன். மெல்ல மெல்ல என்னிடம் ஒட்டினாள். தூங்கும்போது என் காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் காய்ச்சலில் ஒருநாள், நினைவில்லாமல், என்னை அம்மா என்றாள். நீங்கள் இன்னும் தகப்பனாகவில்லை, உங்களுக்கு விளங்காது.

அப்போதுதான் முதல் கசெற் வந்தது. எழுதத் தெரியாதவர்களும் எழுதி ஆறாதவர்களும் அங்கிருந்து குரலைப் பதிந்து அனுப்புகிற காலம் அது. போகிறவர் வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். ரேப் ரெக்கோடரும் அவளே அனுப்பினாள். கூடவே ஒரு பெட்டி சொக்லேற். ஒஸ்வால்ட் கசெற்றைப் போட்டார்.

"என்ர தங்கக் குட்டி, அம்மா கதைக்கிறன்" என்றது அது.

எனக்கும் பிறிஜெற்றுக்கும் ஒரே குரல். பெற்ற தாயே அடுக்களையிலிருந்து கூப்பிட்டுவிட்டு, பதில் சொன்னது மேபல் என்கிற நானா பிறிஜெற்றா என்று எட்டிப் பார்ப்பார். அதனால் ஜெனி முதலில் திரும்பி என் வாயைத்தான் பார்த்தாள். என் வாய் அசையவில்லை. பிறகு ரெக்கோடர்ப் பெட்டியைப் பார்த்தாள். எழுந்து போய் அதைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டாள். அன்று முழுக்க என் பக்கம் வரவில்லை. பெட்டியின்மேல் கன்னத்தை வைத்தபடியே தூங்கிப்போனாள்.

நான் ஒன்றும் செய்யவில்லை. அவளைத் தூக்கிப் பாயில் கிடத்தினேன். அவ்வளவுதான்.

இரண்டாவது கசெற் வந்தது ஒரு சனிக்கிழமை. அன்று அவளுக்கு விளக்கெண்ணெய் கொடுக்கிற நாள். இது தற்செயல், வேதப்புத்தகத்தில் கைவைத்துச் சொல்வேன். எண்ணெய் வாயில் இருக்கும்போதே ஒஸ்வால்ட் கசெற்றைப் போட்டுவிட்டார். குரல் ஓட ஓட அவள் ஓங்காளித்தாள், அழுதாள், என் மடியில் சத்தி எடுத்தாள். நான் துடைத்துவிட்டேன். கசெற் முடிந்தது. ஒரு சொக்லேற்றை உடைத்து வாயில் வைத்தேன். என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

மூன்றாவது கசெற்றை நான் உறையிலிருந்து எடுத்தபோது அவள் முகம் சுருங்கியது. எண்ணெய்ப் போத்தல் அலுமாரியில் இருந்தது, அதை நான் இன்னும் எடுக்கவே இல்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது.

அதற்குப் பிறகு விடுமுறைக்கு எண்ணெய் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். கசெற் வருகிற அன்று மட்டும் கொடுத்தேன். தாய் பேசத் தொடங்கியதும் ஒரு கரண்டி, பேசி முடிந்ததும் ஒரு சொக்லேற். சொக்லேற் தாய் அனுப்பியது என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒருநாளும் நான் அவளுக்குக் கைநீட்டியதில்லை. பிறிஜெற்றைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. உன் அம்மா உனக்காகத்தான் அங்கே கஷ்டப்படுகிறா என்றுதான் சொல்லி வளர்த்தேன். பக்கத்து வீட்டு மயிலம்மாவைக் கேட்டுப்பாருங்கள், அவவும் அதைத்தான் சொல்லுவா.

ஒஸ்வால்ட் நல்ல மனிதர். ஒருமுறை மட்டும், "மேபல், பிள்ளைக்கு வயித்தில ஒரு வருத்தமும் இல்லையெண்டு டொக்டர் சொன்னவர்தானே, பிறகேன் எண்ணெய்" என்றார்.

"கசெற் ஓடுற நேரம் வெளியில போய் ஒரு சிகரெட் பத்துங்கோ" என்றேன்.

போனார். பிறகு ஒவ்வொரு முறையும், நான் சொல்லாமலே எழுந்து வெளியே போவார். அவருக்குத் தெரியும். இப்போது அவரும் இல்லை.

இரண்டு வருடம் நீண்டது. கலவரம் வந்தது, நாங்கள் கோயில் மண்டபத்தில் தங்கியிருந்து வீட்டுக்குத் திரும்பினோம். பிறிஜெற் அழுது அழுது பதிந்த கசெற் ஒன்று வந்தது. ஜெனி, ஜெனி என்பதைத் தவிர அதில் பெரிதாக ஒன்றுமில்லை. அதற்கும் ஒரு கரண்டி கொடுத்தேன். "இப்ப வராதை, நிலைமை சரியில்லை, பிள்ளை சுகம்" என்று சொல்லியனுப்பினேன். அவள் நம்பி ஒப்பந்தத்தைப் புதுப்பித்தாள். அடுத்த முறையும் அப்படித்தான் சொல்லியனுப்பினேன். கடைசியில் எண்ணெய் தேவைப்படவில்லை. போத்தல் மேசையில் இருந்தால் போதும். பிறகு போத்தலும் தேவைப்படவில்லை.

ஜெனியைச் சட்டப்படி தத்தெடுக்கலாமா என்று பாக்கியலெட்சுமியிடமே போய்க் கேட்டேன். வழக்கை எடுக்கமாட்டேன் என்றார், சட்டத்தை மட்டும் சொன்னார். "தாய் கைவிட்டிட்டுப் போகேல்லை, உழைக்கப் போனவா. அவவின்ர சம்மதம் இல்லாமல் நடவாது. பிள்ளைக்குப் பத்து வயசு தாண்டினா பிள்ளையின்ர சம்மதமும் வேணும்" என்றார்.

ஜெனிக்குப் பத்து வயது தாண்டும்வரை காத்திருந்தேன். கப்பலிலிருந்து திரும்பியிருந்த ஹெக்டரைத் தேடிப் பிடித்தபோது பொறுப்பு விட்டது என்று உடனே கையெழுத்துப் போட்டான். மனுப் போட்டது தெரிந்ததும் பிறிஜெற் அடுத்த விமானத்தில் வந்தாள். இரத்மலானையில் ஒரு அறை எடுத்தாள். தையல் மெசினும் வாங்கினாள். ஆறு வருடங்களுக்கு முன் சொன்னதைச் சொன்னபடி செய்தாள்.

நீதவான் எங்களைத் தன் அறைக்குள் கூப்பிட்டார். நன்னடத்தை உத்தியோகத்தர் கௌரி பிள்ளையின் பக்கத்தில் இருந்தார். பிறிஜெற் ஒரு பொம்மை கொண்டுவந்திருந்தாள், நாலு வயதுப் பிள்ளைக்கு வாங்குகிற பொம்மை. மெலிந்து கறுத்துப் போயிருந்தாள். ஜெனிக்கு அந்த முகம் மறந்துபோயிருந்தது, சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பயமோ வெறுப்போ இல்லை. மகளோடு பேசுங்கள் என்றார் நீதவான்.

"என்ர தங்கக் குட்டி, அம்மா கதைக்கிறன்."

ஜெனி நீதவானின் மேசையிலேயே சத்தி எடுத்தாள். உடம்பெல்லாம் நடுங்கியது. சட்டை நனைந்தது. கதிரையைத் தள்ளிவிட்டு ஓடிவந்து என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "பெரியம்மா, நிப்பாட்டச் சொல்லுங்கோ, நிப்பாட்டச் சொல்லுங்கோ" என்று கத்தினாள்.

நீதவான் அவசரப்படவில்லை. இன்று தீர்ப்பில்லை, தாயும் பிள்ளையும் கொஞ்சக் காலம் கௌரியின் முன்னால் சந்தித்துப் பழகட்டும் என்றார். சட்டம் பிறிஜெற்றின் பக்கம்தான் இருந்தது. அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஒரு வருடம் பொறுத்திருந்தால், பிள்ளை அவளுக்குத்தான்.

வெளியே படிக்கட்டில் என்னைப் பிடித்து நிறுத்தினாள். பொம்மை இன்னும் கையில் இருந்தது.

"அக்கா, நான் அனுப்பின கசெற் எல்லாம் அவளுக்குப் போட்டுக் காட்டினீங்களோ?"

"ஓம். ஒண்டுகூட விடாமல் போட்டனான்."

"அப்ப நான்தான் ஏதோ பிழை விட்டிட்டன்" என்றாள். "என்ர குரலைக் கேட்டே பிள்ளை நடுங்குது. இனியும் இழுத்தா செத்துப்போகும். நீங்கள்தானே வளர்த்தனீங்கள், நீங்களே வைச்சிருங்கோ."

என் கையைப் பிடித்து நன்றியும் சொன்னாள். அடுத்த வழக்குத் தவணையில் சம்மதம் கொடுத்தாள். அன்றிலிருந்து ஜெனி என்னை அம்மா என்றாள். பிறிஜெற் அதற்குப் பிறகு கசெற் அனுப்பவில்லை. இரத்மலானை அறையில் பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்துக்கொண்டிருந்தாள். போன வருடம் அவள் இறந்தபோது ஜெனிக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொன்னீர்கள், நான் ஒன்றும் நினைக்கவில்லை. கல்லறையில் நான் ஜெபம் சொன்னேன். சனத்தில் இரண்டு மூன்று பேர் திடுக்கிட்டுச் சவப்பெட்டியைப் பார்த்தார்கள்.

இவ்வளவுதான் நடந்தது. நான் ஒரு பிள்ளையை வளர்த்தேன். படிக்கவைத்தேன், கட்டிக்கொடுத்தேன், விமான நிலையம்வரை வந்து அழாமல் அனுப்பிவைத்தேன். இங்கே இருந்தவரைக்கும் அவளுக்கு என் குரலால் ஒரு குறையும் வந்ததில்லை. நான் முன்னால் இருந்துதானே பேசினேன், வாய் அசைவதை அவள் பார்த்தாள். அங்கே போன பிறகுதான் ரெலிபோனில் பேசவேண்டி வந்தது. முதல் நாள் நான் வேறென்ன சொல்வேன். எந்தத் தாயும் சொல்வதைத்தான் சொன்னேன். அம்மா கதைக்கிறன் என்றேன்.

முதலில் லைன் சரியில்லை என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நீங்கள் எழும்பவேண்டாம், ஒரு நிமிடம். உங்கள் காரில் இன்னும் கசெற் போடலாம் என்று ஜெனி ஒருமுறை எழுதியிருந்தாள். அந்தப் பழைய ரெக்கோடரில் நேற்று ஒன்று பதிந்து வைத்திருக்கிறேன். விசேஷமாக ஒன்றுமில்லை, மழையைப் பற்றி, மயிலம்மாவின் முழங்காலைப் பற்றி. அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு எங்கேயாவது போகும்போது போடுங்கள். கையில் ஒரு சொக்லேற் வைத்திருங்கள். முந்திக் கொடுக்கவேண்டாம், முடிந்த பிறகும் வேண்டாம். என் குரல் தொடங்கும்போது கொடுக்கவேண்டும். ஒவ்வொரு முறையும். கொஞ்சக் காலம் எடுக்கும், ஆனால் பழகிவிடுவாள். சின்னதிலிருந்தே அவள் கெட்டிக்காரப் பிள்ளை.