கர்னல் பொஞ்சாதி

ஹலோ... ஆமா, பிரெசில்லாதான் பேசுறேன்... யாரு, செபஸ்தியம்மா மதினியா? ஏன் மதினி அழுவுறீங்க?... என்னது, கல்யாண ஓலைய நிப்பாட்டணுமா? நாளைக்குப் பூசையில மூணாம் ஓலை வாசிச்சு ஊருக்கு அறிவிக்கணும், பத்து நாள்ல உங்க மக அனிட்டா கல்யாணம்... மாப்பிள்ள ஓடிட்டானா? பிரடெரிக்கா? காலையிலகூட போட்டுக்கு டீசல் தூக்கிட்டுப் போனானே!... நான் சொன்னேனா? எப்ப?...

ஐயய்யோ! நேத்து நண்டு கம்பெனி வாசல்ல எந்தங்கச்சிக்கிட்ட போன்ல பேசுனதக் கேட்டீங்களா?... ஆமா... ஆமா, சொன்னேன். நிச்சயம் பண்ணுன பொண்ண விட்டுட்டு பிரடெரிக் ரயிலேறிட்டான்னு சொன்னேன்... வையாதீங்க மதினி, கேளுங்க... அது கதை! நாவல்! பிரான்சு நாட்டுல நூத்தம்பது வருசத்துக்கு முன்னாடி எழுதுனது. லைப்ரரியில எடுத்துட்டு வந்தேன்... மாதா மேல சத்தியமா...

கொர்னேல் பொஞ்சாதியோடயா ஓடுனான்னு கேக்குறீங்க? இல்ல மதினி, கர்னல்! கர்-னல்! பட்டாளத்து ஆபீசரு!... நம்ம கொர்னேல் அண்ணன் பொஞ்சாதிக்கு அறுவது வயசு. முட்டி வலியில கோயிலுக்கே ஆட்டோவுல வாராங்க. அவங்களக் கூட்டிட்டு எவன் ஓடுவான்?... சிரிக்கிறீங்களா? சிரிங்க, சிரிங்க. பஞ்சு மாதிரி பனி கொட்டுதுன்னும் சொன்னேனே, நம்ம காரங்காட்டுல ஏது அந்தப் பனி?...

ஆமா, ஆமா... பேரெல்லாம் நம்ம தெருப் பேரு. அதான் விட முடியல மதினி. அடுப்புல சோத்த வச்சுட்டு அதுலயே கெடக்கேன், நேத்தும் அடிப்பிடிச்சிருச்சு. என்னைக்கோ செத்துப்போன வெள்ளக்காரி எழுதுனதுக்கு இங்கன உக்காந்து அழுவுறேன்... பைத்தியமா? நீங்களே நம்பிட்டீங்கள்ல!

இப்ப எங்க நிக்கிறீங்க?... சாமியார் பங்களாவுலயா? ஓலைய நிப்பாட்டச் சொல்லியும் புட்டீங்களா!... போனச் சாமிக்கிட்ட குடுங்க... குடுங்க மதினி...

தோத்திரம் சாமி. என் தப்புதான்... ஆமா சாமி, அந்த நாவல்தான். நம்ம பிரடெரிக்கு தங்கமான பய... ஓலைய வாசிச்சிருவீங்கள்ல?... அப்பாடா, இப்பத்தான் எனக்கு உசிரு வந்துச்சு... நீங்களும் படிச்சிருக்கீங்களா? செமினரியிலயா? மூணு தடவையா!... என்ன, மதினி கதை கேக்குறாங்களா? நல்லாச் சொல்லுங்க. போன மட்டும் பொத்திக்கங்க சாமி, நான் இன்னும் முடிக்கல...

...

மதினியா?... மறுபடி ஏன் அழுவுறீங்க? அதான் ஓலை வாசிக்கிறாங்கள்ல... அனிட்டாவுக்காக இல்லையா?... அந்தக் கதைப் பொண்ணுக்காகவா?... கடைசியில அவ... ஐயோ, வேணாம் மதினி, சொல்லிறாதீங்க! எனக்கு இன்னும் நாப்பது பக்கம் கெடக்கு... கேக்கல... எனக்கு ஒண்ணுமே கேக்கல... வைக்கிறேன்!