தலைமையாசிரியைக்கான ஜெபக் குறிப்பு

செயலாளர் அவர்களுக்கு,

திட்டக் குழுவின் ஐந்தாவது கூட்டக் குறிப்பில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று மூன்று முறை நினைவூட்டிவிட்டீர்கள். மூன்று முறையும் மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்று சொன்னேன். கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது. நீங்களும் பார்த்தீர்கள், மரியாதைக்குச் சும்மா இருந்துவிட்டீர்கள். உண்மையான காரணம், குறிப்பில் ஒரு வரி தவறாக இருக்கிறது.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். போன வருடம் ஒரே ஒரு கால்புள்ளிக்காக ஏழு பக்கங்களையும் திருப்பி அனுப்பினேன். பிள்ளைகள் எனக்கு 'அடிஸ்கேல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது என் காதுக்கு எட்டவில்லை என்பது அவர்கள் நினைப்பு. பொருத்தமான பெயர்தான். முதுகு வளையாது, பன்னிரண்டு அங்குலத்துக்கு மேல் எதையும் அளக்கவும் தெரியாது. இடைவேளையில் கோட்டுப் பையிலிருந்து பெப்பர்மின்ட் எடுத்துக் கொடுப்பதால் சின்ன வகுப்புகள் மட்டும் 'மிட்டாய்த் தாத்தா' என்கின்றன. அந்தப் பெயருக்கு நான் தகுதியில்லை. அதற்கு வருகிறேன்.

என் அப்பா ஒரு காகிதக் கிடங்கின் பின்பக்கத்தில் பதினொரு பிள்ளைகளோடு ஆரம்பித்த பள்ளி இது. அவருக்குப் பின் தாளாளர் நான். இப்போது ஆயிரத்து நானூறு பேர். மூன்றாம் வகுப்பு ஆலயத்தின் பக்க அறையில் நடக்கிறது. பாட்டு வகுப்பு மாடிப்படியில் நடக்கிறது. பந்தி வைப்பதுபோல மூன்று தவணையாக மதியச் சாப்பாடு. அடுத்த பத்து ஆண்டுகளுக்கு ஒரு திட்டம் வேண்டும் என்று குழு அமைத்தது நான்தான். எல்லோரும் கூடி ஆராய்ந்து, கடைசியில் என் கருத்துக்கே வந்து சேர்வார்கள் என்று நினைத்தேன். குழு என்றால் அதுதான் என்று நாற்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

திட்டத்தை எழுதியவள் தலைமையாசிரியை. அவள் என் தம்பி மகள் என்பது ஊருக்கே தெரியும். தம்பி போன பிறகு ஒன்பது வயதிலிருந்து என் வீட்டில் வளர்ந்தாள். வீட்டில் நான் பெரியப்பா, கூட்டத்தில் ஐயா. இரண்டையும் அவள் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. நாற்பது பக்கத் திட்டத்தைக் குழுவுக்குக் கொடுக்கும் முன் என் சாப்பாட்டு மேசையில் கொண்டுவந்து வைத்தாள்.

"பதினொன்னாம் பக்கம் படிச்சீங்களா பெரியப்பா?"

"படிச்சேன். எழுத்துப்பிழை எதுவும் இல்ல."

"கோவமா?"

"எனக்கெதுக்குக் கோவம்?"

"காது ரெண்டும் செவந்து கிடக்கே."

பதினொன்றாம் பக்கத்தில் இப்படி இருந்தது: தாளாளர் பொறுப்பு இனி எந்த ஒரு குடும்பத்துக்கும் உரியதாக இருக்காது, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஆட்சிக் குழு தேர்ந்தெடுக்கும். அதன் கீழே, முன்வாசலில் இருக்கும் நிறுவனர் படத்தை நினைவு அறைக்கு மாற்றுவது நல்லது என்றும் ஒரு வரி.

"ஆயிரத்து நானூறு பிள்ளைங்க ஆயாச்சு. இன்னும் நம்ம வீட்டுச் சமாச்சாரமாவே வெச்சிருக்க முடியுமா?" என்றாள். "உங்களுக்கு அப்புறம் யாரு? உங்க பையனா? அவன் பள்ளிக்கூடத்துக்கு வழி கேட்டுத்தான் வரணும்."

என் மகன் வெளியூரில் டயர் விற்கிறான். பதினைந்து வருடமாகப் பள்ளி வாசலை மிதிக்கவில்லை. அவள் சொன்னது சரி. அவள் சொன்னது சரியாக இருந்ததுதான் எனக்குப் பெரிய இடைஞ்சல்.

கூட்டத்தில் நான் எதிர்த்துப் பேசினால், கிழவன் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்பார்கள். அதைவிட மோசம், பெரியப்பாவும் மகளும் நாலு பேர் முன்னால் மோதிக்கொண்டார்கள் என்பார்கள். எங்கள் வீட்டுச் சண்டை எதுவும் இதுவரை வாசல்படி தாண்டியதில்லை. வியாதிகூடத் தாண்டியதில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை நோயால் கால் போனது. பள்ளி வரலாற்றில் ஊழியப் பயணத்தில் வண்டிச் சக்கரம் ஏறியதால் போனது என்று இருக்கிறது. அந்த வரியை எழுதியது நான். வண்டிக்கு இரண்டு குதிரை பூட்டியதும் நான்தான்.

ஆகவே, விசுவாசி ஒருவன் செய்யக்கூடியதைச் செய்தேன். ஜெபிக்கச் சொன்னேன்.

புதன்கிழமை சாயங்காலம் நூலகத்தில் நடக்கும் ஜெபக் கூட்டத்துக்கு நீங்கள் வருவதில்லை என்பதால் அதன் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொருவரும் ஒரு ஜெபக் குறிப்பு சொல்வார்கள். அதை யாரும் கிளறிக் கேட்கக் கூடாது. மறுத்துப் பேசவும் கூடாது. அங்கே கூட்டக் குறிப்பு எழுதுவதும் இல்லை. குழுவில் ஒன்றைச் சொன்னால் ஆதாரம் கேட்பார்கள். ஜெபக் குறிப்பாகச் சொன்னால் ஆமென் சொல்வார்கள். இவ்வளவு வசதியான ஏற்பாடு கையருகில் இருந்தும், அதைக் கண்டுபிடிக்க எனக்கு நாற்பது வருடம் ஆயிற்று.

"நம்ம தலைமையாசிரியைக்காக ஜெபிச்சுக்கோங்க," என்றேன். "ஒரு பலவீனத்தோட போராடிட்டு இருக்காங்க."

"என்ன பலவீனம் ஐயா?" என்றார் பாட்டு டீச்சர்.

"அது கர்த்தருக்குத் தெரியும்மா."

கவனியுங்கள், நான் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. அவளுக்கு ஒரு பலவீனம் இருந்தது. என்னவென்று சொல்லாமல் விட்டதுதான் என் பங்கு. மீதியைக் குழு மனப்பான்மையோடு எல்லோரும் சேர்ந்து செய்தார்கள். மூன்றாவது புதனுக்குள் அவளுடைய கை சில நேரம் நடுங்குவதைக் கண்டுபிடித்திருந்தார்கள். நாலாவது புதனுக்குள் கைப்பையில் எப்போதும் பெப்பர்மின்ட் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

"வாசனை தெரியக் கூடாதுன்னுதான் ஐயா, பாவம்," என்று பாட்டு டீச்சர் நடைவழியில் கண்கலங்கினார். "இவ்வளவு படிச்சவங்க. இப்படியா குடிக்கு அடிமையாகணும்?"

"இதெல்லாம் வெளியில பேசாதீங்கம்மா," என்றேன். ஒரு செய்தியைப் பரப்ப அதைவிட விரைவான வழி இல்லை என்பது ஒரு பள்ளியை நடத்துகிறவனுக்குத் தெரியாதா?

அவள் குடித்ததில்லை. பத்து வயதில் அவளுக்குச் சர்க்கரை நோய் வந்தது. தினமும் தானே ஊசி போட்டுக்கொள்வாள். ஊசி போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை விறுவிறுவென்று இறங்கிவிடும். வேர்க்கும், நாக்குக் குழறும், கால் பின்னும். பார்க்கிறவர்கள் வேறு ஏதோ என்றுதான் நினைப்பார்கள். அப்போது வாயில் இரண்டு மிட்டாய் போட்டால் கொஞ்ச நேரத்தில் பழைய ஆளாகிவிடுவாள். டாக்டர் இதைச் சொன்ன அன்றே நான் கோட்டுப் பையில் பெப்பர்மின்ட் வைக்க ஆரம்பித்தேன். சின்ன வகுப்புகளுக்குக் கொடுப்பதெல்லாம் பழசாகிப்போனது. புதியது அவளுக்கு.

இந்த நோய் யாருக்கும் தெரியக் கூடாது என்று சொன்னதும் நான்தான். என் மனைவி இருந்தவரை மூவருக்குத் தெரியும். அவள் போனபின் இருவருக்கு. தலைமையாசிரியை நியமனத்தின்போது ஆட்சிக் குழுவில், "எங்க குடும்பத்துல யாருக்கும் ஒரு தலைவலிகூட வந்ததில்ல" என்று மார்தட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் காலால் என் செருப்பை மிதித்தாள். சிரிப்பை அடக்கினாள் என்றுதான் அன்று நினைத்தேன்.

ஐந்தாவது கூட்டத்துக்கு முந்தின வாரம் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"நான் குடிக்கிறேன்னு பேசிக்கிறாங்க பெரியப்பா. போதகர் வந்து, மறுவாழ்வு இல்லம் ஒண்ணு இருக்கும்மான்னு விலாசம் எழுதிக் கொடுத்துட்டுப் போறாரு."

"ஜனங்க பேசுவாங்க. நாம பெருசு பண்ணக் கூடாது."

"எல்லார்கிட்டயும் சுகர்னு சொல்லிடட்டுமா? அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்."

யோசிப்பதுபோல ஜன்னலைப் பார்த்தேன். என்ன சொல்வது என்று எனக்கு முன்பே தெரியும்.

"இப்ப சொன்னா என்ன ஆகும்? வியாதிக்காரி எப்படிப் பத்து வருஷத் திட்டத்தை நடத்துவான்னு கேப்பாங்க. திட்டம் நிறைவேறட்டும், அப்புறம் சொல்லிக்கலாம். அதுவரைக்கும் அந்த மிட்டாயை மட்டும் பையில வெச்சுக்காத. அதைப் பார்த்துத்தானே பேசறாங்க."

"திடீர்னு இறங்கிட்டா?"

"நான் பக்கத்துல இருக்கேன்ல?" என்று கோட்டுப் பையைத் தட்டிக் காட்டினேன்.

அவள் என் தோளில் நெற்றியை முட்டினாள். சின்ன வயதில் பரீட்சைக்குப் போகும்போது அப்படிச் செய்வாள். "நீங்க என் பக்கம்தான்னு எனக்குத் தெரியும்," என்றாள். பதினொன்றாம் பக்கத்தை எழுதியவள் அப்படிச் சொன்னது எனக்குச் சற்று அதிகமாகவே பட்டது.

கூட்டம் சனிக்கிழமை பத்து மணிக்கு. வரைபடங்கள் தயார்செய்யும் அவசரத்தில் காலையில் சரியாகச் சாப்பிடவில்லை என்று படியேறும்போதே சொன்னாள். "ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு விட்டுடுங்க பெரியப்பா." தலையாட்டினேன். பிறகு, பதினொன்றாம் பக்கத்தை எடுப்பதற்கு முன் பள்ளி வரலாற்றை ஒருமுறை எல்லோரும் நினைவுகூர்வது முறை என்று சொல்லி, எழுந்து நின்று வாசித்தேன். வண்டிச் சக்கரம் உட்பட முழுவதும் வாசித்தேன். நீங்கள் கொட்டாவியை விழுங்கியதைப் பார்த்தேன். சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தேன். முடித்தபோது மணி ஒன்று நாற்பது.

அவள் பேச எழுந்தாள். மீதியை நீங்களே நாசூக்காக எழுதியிருக்கிறீர்கள்: 'தலைமையாசிரியைக்கு உடல்நலம் சரியில்லாததால்.' பொதுவான, அழகான வாக்கியம். நடந்தது என்னவென்றால், நெற்றி வேர்த்தது. 'ஆட்சிக் குழு' என்ற சொல் நாலு முறை முயன்றும் வரவில்லை. சம்பந்தமில்லாத இடத்தில் சிரித்தாள். வரைபடத் தாங்கியைப் பிடித்துக்கொள்ளப் போய் அதோடு சாய்ந்தாள். போதகர் தலையைக் குனிந்துகொண்டார். பாட்டு டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். அவளை யாரும் கேவலமாகப் பார்க்கவில்லை. அவ்வளவு பேரும் இரக்கத்தோடு பார்த்தார்கள். மூன்று மாத ஜெபத்தின் பலன் அது.

அவள் என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். "பெரியப்பா" என்றாள். கூட்டத்தில் அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"அம்மாவுக்குக் கொஞ்சம் ஓய்வு வேணும்," என்றேன். "வெளியில யாருக்கும் தெரிய வேண்டாம். குடும்ப மானம்."

அவளுடைய அறை அடுத்த அறைதான். சோபாவில் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினோம். நர்ஸைக் கூப்பிடலாமா என்று நீங்கள் கேட்டீர்கள். சனிக்கிழமை அந்தப் பெண்ணுக்கு விடுமுறை, தொந்தரவு செய்ய வேண்டாம் என்றேன். அவளுக்காக ஜெபிப்போம் என்றேன்.

என் ஜெபம் மூன்று நிமிடத்துக்கு மேல் போகாது என்று பெயர். அன்று நாற்பது நிமிடம் ஜெபித்தேன். நடுவில் பக்கத்து அறையில் கண்ணாடித் தம்ளர் விழுந்து உடையும் சத்தம் கேட்டது. ஒருவரும் அசையவில்லை. பெரியவர் ஜெபிக்கும்போது யாரும் கண்ணைத் திறப்பதில்லை, அப்படி வளர்த்திருக்கிறோம். கண்ணைத் திறந்தவன் நான் ஒருவன்தான். இரண்டு அறைக்கும் நடுவே உள்ள கதவில் கண்ணாடிச் சதுரம் ஒன்று உண்டு. அவளுடைய கை மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது தெரிந்தது. என் வலது கை கோட்டுப் பைக்குள் இருந்தது. ஆறு மிட்டாய்கள். எண்ணிப் பார்த்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, எங்கே விட்டேனோ அங்கிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தேன்.

ஆமென் சொல்லிவிட்டு எல்லோரும் சாப்பிட்டோம். நான் மறுசோறு வாங்கினேன். நாலரை மணிக்குப் பாட்டு டீச்சர் காப்பி கொண்டுபோனபோதுதான் அறையைத் திறந்தோம். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

கைப்பையில் ஊசியைப் பார்த்தபின்தான் எல்லோருக்கும் விஷயம் புரிந்தது. பாட்டு டீச்சர் அன்றிலிருந்து பாடுவதில்லை. நர்ஸ் என்னிடம் வந்து, "வீட்டுல யாருக்காவது தெரியுமா ஐயா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அதை நம்பி நீங்கள், 'அவருடைய நோய் பற்றி அங்கிருந்த எவருக்கும் தெரியாது' என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்த வரிதான் தவறு. 'அங்கிருந்தவர்களில் தாளாளர் ஒருவருக்கு மட்டும் தெரியும். மருந்தும் அவர் பையில் இருந்தது' என்று திருத்திக்கொள்ளவும். தவறான குறிப்பில் நான் இதுவரை கையெழுத்திட்டதில்லை. எண்பத்தோராவது வயதில் அந்தப் பழக்கத்தை ஆரம்பிக்க விருப்பமில்லை. இதை நீங்கள் யாரிடம் காட்ட வேண்டுமோ அவர்களிடம் காட்டலாம்.

மற்ற வரிகளில் பிழையில்லை. பதினொன்றாம் பக்கம் காலவரையின்றி ஒத்திவைக்கப்பட்டது என்பது சரியாகவே இருக்கிறது. அதைத் தொட வேண்டாம். புதுக் கட்டடத்துக்கு அவள் பெயர் வைக்கும் தீர்மானத்தையும் மனமார ஆதரிக்கிறேன். குடும்பப் பெயர் முன்னால் வரட்டும்.

அடுத்த கூட்டம் சனிக்கிழமை பத்து மணிக்கு. தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் தலைவர் எளிதில் கிடைக்க மாட்டார் என்பதால், நானே தலைமை தாங்குவதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்காது என்று நம்புகிறேன். ஆரம்ப ஜெபத்தையும் நானே செய்துவிடுகிறேன். மூன்று நிமிடத்துக்கு மேல் போகாது.