என் சுவரில் இருந்த சுவரொட்டிகளைச் சுரண்டியது பற்றி

என் முழுப்பெயர் அடையாள அட்டையைப் பார்த்து மேலே எழுதிக்கொள்ளப்பட்டது. ரொட்டிக்கடை அக்கா என்றால்தான் தெருவில் யாருக்கும் தெரியும். வயது நாற்பத்தாறு. சந்தைச் சாலை மூலையில் கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கிறோம். மாவு பிசைவது நான், அடுப்பு என் வீட்டுக்காரர் பொறுப்பு. யாரும் கூப்பிட்டு அனுப்பாமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

இந்தச் சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கும் லிப்ட் மெக்கானிக் என் கடை வாடிக்கையாளர். எந்தக் கட்சியிலும் இருந்தவர் இல்லை. கடை வைக்க அனுமதி, பலகை மாட்ட அனுமதி என்று அரசாங்கம் எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கக் கூடாது என்பது அவர் பேச்சு. "லிப்ட்ல ஏறுறவங்கதான் எந்த மாடின்னு பட்டனை அழுத்தணும். மெக்கானிக் வேலை, லிப்ட் கீழ விழாம பாத்துக்கறது மட்டும்தான்" என்று கடை வாசலில் நின்று சொல்வார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

போன வாரம் அவர் தன் சுவரொட்டியோடு வந்து, கடையின் பக்கச் சுவரில் ஒட்டலாமா என்று கேட்டார். அப்போதுதான் பெயிண்ட் அடித்து முடித்திருந்ததால் முடியாது என்றேன். "உங்க சுவர், உங்க இஷ்டம்க்கா" என்று சுருட்டிக்கொண்டார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ஓட்டுக் கேக்க வந்துட்டு கெஞ்சக்கூடத் தெரியலையே தம்பி, நீங்க எங்க ஜெயிக்கப் போறீங்க?" என்றேன். "கெஞ்சி வாங்கினா அப்புறம் அதட்டத் தோணும்க்கா" என்று சொல்லிவிட்டு, பன் வாங்கிக்கொண்டு போனார். இப்படி ஒவ்வொரு சுவருக்கும் கேட்டுக் கேட்டு ஒட்டியதில் அவர் முகம் தொகுதியில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அதன் பிறகு நேற்றுக் காலை கடை திறக்க இறங்கியபோது, இப்போது பதவியில் இருக்கும் சட்டமன்ற உறுப்பினரின் படம் பக்கச் சுவர் முழுக்க வரிசையாக ஒட்டப்பட்டிருந்தது. அடுப்பறையின் காற்றுத் துவாரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்கிற கதைதான். வாளியில் வெந்நீர் கொண்டுவந்து ஊற்றி, பசை ஊறும்வரை காத்திருந்து, மாவு வழிக்கும் தகட்டால் ஒவ்வொன்றாக நானே சுரண்டி எடுத்தேன். வெறுமனே பிய்த்தால் பெயிண்டும் கூடவே உரிந்து வரும். இன்ஸ்பெக்டர் ஐயா இப்போது போய்ப் பார்த்தாலும் சுவரில் ஒரு கீறல் இருக்காது. பகையில் கிழிக்க வந்தவன் என் பெயிண்டைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டான் என்பதையும் சொல்லிக்கொள்கிறேன்.

பாதி வேலையில் மெக்கானிக் தம்பி நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு அந்த வழியாக வந்தார். "கை குடுக்கவாக்கா?" என்றார். "வேணாம், நீங்க உங்க வேலையப் பாருங்க" என்றேன். போய்விட்டார். சுவரைத் தொடவே இல்லை. ஆனால் அவர் அங்கே நின்றதைப் பார்த்த உறுப்பினரின் ஆட்கள் புகார் கொடுக்க, மதியமே போலீஸார் அவரைப் பிடித்து வந்துவிட்டார்களாம்.

இன்று காலை ரொட்டி வாங்க வந்த காவலர் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். மெக்கானிக் தம்பி இன்னும் உள்ளேதான் இருக்கிறார் என்றார். "நான் கிழிக்கல. யாருன்னு தெரியும், சொல்ல மாட்டேன். சொல்றதும் சொல்லாததும் அவங்க இஷ்டம்" என்று மட்டும் சொன்னாராம். நாளை மறுநாள் வாக்குப்பதிவு. சுவருக்குச் சுவர் அனுமதி கேட்ட மனிதனை, அடுத்தவர் படத்தைக் கிழித்தவன் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போகிறார்கள். எனக்கு முதலில் அவர்மேல்தான் ஆத்திரம் வந்தது. என் பெயரைச் சொல்லித் தொலைத்திருந்தால் நேற்றே வந்து பதில் சொல்லியிருப்பேன். "நமக்கெதுக்கு வம்பு, அவங்க நினைச்சா கடையையே மூட வெச்சிடுவாங்க" என்று வீட்டுக்காரர் தடுத்தார். "அடுப்பப் பாத்துக்கோங்க, வந்துடறேன்" என்று கையில் இருந்த மாவைக் கழுவிவிட்டுக் கிளம்பினேன்.

அவருக்கு ஓட்டுப் போடுவேனா என்று என்னிடம் கேட்கப்பட்டது. அதற்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இதுவரை எழுதியதை இன்ஸ்பெக்டர் எனக்குப் படித்துக் காட்டினார். சுரண்டியதைச் சொன்ன இடத்தில் "உறுப்பினரின் படம் என்று தெரியாமல்" என்று அவராகச் சேர்த்திருந்தார். அப்படி இருந்தால் என்மேல் வழக்கு வராது, நல்லதுக்குத்தான் எழுதினேன் என்றார். அவருக்கு என் நன்றி. அதை அடிக்கச் சொன்னேன், அடித்தார். யார் படம் என்று தெரிந்தேதான் சுரண்டினேன். என்னைக் கேட்காமல் இனி யார் படத்தை ஒட்டினாலும் சுரண்டுவேன். இதில் உள்ளது அத்தனையும் நடந்தது, நான் சொன்னது, யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அடித்த இடத்தின் பக்கத்திலும் தனியாக ஒரு கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)
ரொட்டிக்கடை உரிமையாளர்